கேபிளைத் துண்டிக்கும் முன்: அமெரிக்காவில் விளையாட்டை நேரடி ஸ்ட்ரீமிங்கில் பார்க்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் கேபிள் இணைப்பைத் துண்டிக்க நினைக்கும் பல வீடுகளில் கடைசித் தடையாக நிற்பது விளையாட்டுதான். திரைப்படங்களும் தொடர்களும் ஸ்ட்ரீமிங்குக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன; செய்திகளைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம்; ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அது நடக்கும் நேரத்திலேயே பார்த்தாக வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு மாதமும் கேபிள் பில்லை மனமில்லாமல் கட்டிவந்தார்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று அந்த நிலை மாறியது. 1979இல் தொடங்கிய விளையாட்டுச் சேனல் நிறுவனமான இஎஸ்பிஎன், தன் முதன்மைச் சேனலை அதுவரை கேபிள், டிஷ் போன்ற தொகுப்புகளின் வழியாகவே வீடுகளுக்குக் கொடுத்துவந்தது. அன்று முதல் தன் சேனல்கள் அனைத்தையும் மாதம் 29.99 டாலருக்கு நேரடியாகவே விற்கத் தொடங்கியது. அதே நாளில் ஃபாக்ஸ் நிறுவனமும் ஃபாக்ஸ் ஒன் என்ற சேவையை 19.99 டாலருக்குக் கொண்டுவந்தது.

இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றுதான். எந்த அணி, எந்தப் போட்டி, எந்த மாதங்கள் என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு நேரடி ஸ்ட்ரீமிங் மலிவு. எல்லா விளையாட்டும் ஆண்டு முழுவதும் வேண்டும் என்பவருக்கு அது கேபிள் அளவுக்கே செலவு வைக்கக்கூடும், சில நேரம் அதையும் தாண்டும். ஆகவே கணக்கை எந்தச் சேவையை வாங்கலாம் என்ற கேள்வியில் தொடங்காமல், நீங்கள் பார்க்கும் ஆட்டங்களிலிருந்து தொடங்குங்கள்.

விலை ஏன் இப்படி இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. கேபிள் தொகுப்பில் இஎஸ்பிஎன்னை ஒருமுறைகூடப் பார்க்காத வீடும் அதற்குப் பணம் கட்டியது. ஒரு வீட்டுக்கு மாதம் 9 டாலருக்கு மேல் அந்தச் சேனலுக்குப் போகிறது என்பது சந்தை மதிப்பீடு. 2011 வாக்கில் சுமார் 10 கோடி வீடுகளில் அந்தச் சேனல் இருந்தது. அதன் பிறகு கேபிளை விடுவோர் பெருகப் பெருக அந்த எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. ஒளிபரப்பு உரிமைகளின் விலையோ ஏறிக்கொண்டே போனது. என்பிஏ கூடைப்பந்துச் சங்கம் இஎஸ்பிஎன்னை நடத்தும் டிஸ்னி, என்பிசி யுனிவர்சல், அமேசான் ஆகிய மூன்று நிறுவனங்களுடனும் 2025-26 பருவத்திலிருந்து 11 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 7,600 கோடி டாலர். பார்க்காதவரிடமிருந்து வந்த பணம் குறைந்துவிட்டதால், பார்ப்பவர் தலையில் கூடுதல் சுமை ஏறுகிறது. 9 டாலர் சேனல் 30 டாலர் ஆனதற்குக் காரணம் அதுவே.

முதல் வேலை: ஆட்டங்களைத் தாளில் எழுதுவது

ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் உண்மையாகவே பார்த்த விளையாட்டுகளை எழுதுங்கள். பார்க்க விரும்பியவற்றையும் பார்த்திருக்கலாம் என்று தோன்றுபவற்றையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது நடக்கும் மாதங்களையும், அதன் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். இரண்டாவது குறிப்புக்கு நினைவை நம்பக் கூடாது. அந்தந்தச் சங்கத்தின் அல்லது அணியின் இணையதளத்தில் உள்ள ஒளிபரப்பு அட்டவணையைப் பார்த்தே எழுத வேண்டும். பல ஆண்டுகள் என்பிஏ ஆட்டங்களைக் காட்டிவந்த டிஎன்டி சேனல் இன்று அந்தப் பட்டியலில் இல்லை. 1990 முதல் இஎஸ்பிஎன்னில் வந்த ஞாயிறு இரவு பேஸ்பால் 2026இலிருந்து என்பிசிக்கும் அதன் ஸ்ட்ரீமிங் சேவையான பீகாக்குக்கும் போகிறது. பழைய பழக்கத்தில் சந்தா கட்டினால், கட்டிய இடத்தில் ஆட்டம் இருக்காது.

அமெரிக்கக் கால்பந்தை எடுத்துக்கொண்டால் இந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்று புரியும். அதை நடத்தும் சங்கமான என்எஃப்எல்லின் ஞாயிறு பகல் ஆட்டங்கள் சிபிஎஸ்ஸிலும் ஃபாக்ஸிலும் வருகின்றன. ஞாயிறு இரவு என்பிசியிலும் பீகாக்கிலும். திங்கள் இரவு இஎஸ்பிஎன்னிலும் சில வாரங்களில் ஏபிசியிலும். வியாழன் இரவு ஆட்டம் 2022 முதல் அமேசான் பிரைம் வீடியோவில் மட்டும். கிறிஸ்துமஸ் ஆட்டங்கள் 2024 முதல் நெட்ஃபிளிக்ஸில். வேறு ஊர் அணிகளின் ஞாயிறு ஆட்டங்களைக் காட்டும் சண்டே டிக்கெட், 1994 முதல் செயற்கைக்கோள் டிவி நிறுவனமான டைரெக்டிவியிடம் இருந்து 2023இல் யூடியூபுக்கு வந்தது. ஒரே ஒரு விளையாட்டை முழுமையாகப் பின்தொடர இத்தனை வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கிறது. ரசிகர்கள் மீது இது நியாயமற்ற சுமை என்றே நான் கருதுகிறேன். ஆனால் தாளில் எழுதிப் பார்த்தால், எல்லா வாசலும் எல்லாருக்கும் வேண்டியதில்லை என்பதும் தெரிந்துவிடும்.

காரணம், என்எஃப்எல் வைத்திருக்கும் ஒரு விதி. கேபிளிலோ ஸ்ட்ரீமிங்கிலோ மட்டும் காட்டப்படும் ஆட்டமாக இருந்தாலும், மோதும் இரு அணிகளின் சொந்த ஊர்களில் அது உள்ளூர் நிலையம் ஒன்றில் இலவசமாக ஒளிபரப்பாகும். 2024 ஜனவரி 13 அன்று கான்சாஸ் சிட்டியின் கடுங்குளிரில் அந்த ஊரின் சீஃப்ஸ் அணியும் மயாமியின் டால்ஃபின்ஸ் அணியும் மோதிய பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டத்தை நாடு முழுவதும் பீகாக்கில் மட்டுமே பார்க்க முடிந்தது. கான்சாஸ் சிட்டியிலும் மயாமியிலும் இருந்தவர்கள் உள்ளூர் என்பிசி நிலையத்தில் காசில்லாமல் பார்த்தார்கள். தன் ஊர் அணியை மட்டும் பார்க்கும் ரசிகருக்கு, மேலே சொன்ன சந்தாக்களில் ஒன்றுகூடத் தேவைப்படாமல் போகலாம்.

ஆன்டெனாவை மறந்துவிடாதீர்கள்

ஏபிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி ஆகிய நான்கும் காற்றலை வழியாக இன்றும் இலவசமாக வருகின்றன. ஒருமுறை ஆன்டெனா வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் இணையதளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்த நிலையங்களின் அலை உங்கள் வீட்டை எட்டும், எந்தத் திசையிலிருந்து வரும், எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதைக் காட்டும் வரைபடம் கிடைக்கும். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த சன்னலில், இயன்ற அளவு உயரத்தில் ஆன்டெனாவை வைத்து, டிவியில் சேனல் தேடலை ஓடவிடுங்கள். இடம் மாற்றி வைக்கும்போதெல்லாம் தேடலைத் திரும்ப ஓடவிட வேண்டும். பலரும் இதைச் செய்யாமல் ஆன்டெனா சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

வட்டார அணிகள்: அதிகம் ஏமாறும் இடம்

பேஸ்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி ஆகிய மூன்றிலும் ஓர் அணியின் பெரும்பாலான ஆட்டங்கள் தேசியச் சேனல்களில் வருவதில்லை. ஒரு பேஸ்பால் அணி பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் மிகச் சிலவே நாடு முழுவதும் காட்டப்படும். மீதியெல்லாம் வட்டார விளையாட்டுச் சேனலின் உரிமை. இந்த இடத்தில்தான் நன்கு விசாரித்து மாறியவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள்.

மேஜர் லீக் பேஸ்பால் சங்கத்தின் எம்எல்பி டிவி போன்ற, சங்கமே விற்கும் சந்தாவை வாங்கி, பருவத்தின் முதல் நாள் ஆவலோடு திறந்தால், சொந்த அணியின் ஆட்டத்தின் மேல் பூட்டுக் குறியும், உங்கள் பகுதியில் இந்த ஆட்டம் கிடைக்காது என்ற ஒரு வரியும் வந்து நிற்கும். இதையே பிளாக்அவுட் என்கிறார்கள். வட்டாரச் சேனலின் உரிமையைக் காப்பதற்காக, அந்த அணியின் எல்லைக்குள் வாழ்பவருக்குச் சங்கத்தின் சேவை அந்த ஆட்டத்தைக் காட்டாது. ஐயோவா மாநிலத்தில் மேஜர் லீக் பேஸ்பால் அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் சிகாகோவின் இரண்டு அணிகள், செயின்ட் லூயிஸ், கான்சாஸ் சிட்டி, மின்னசோட்டா, மில்வாக்கி என ஆறு அணிகள் அந்த மாநிலத்தைத் தங்கள் எல்லையாகக் கணக்கிட்டு வந்திருக்கின்றன. மைதானத்துக்குப் போகப் பல மணிநேரம் கார் ஓட்ட வேண்டிய ஒருவருக்கு, அந்த ஆறு அணிகளின் ஆட்டங்களும் பணம் கட்டிய சேவையில் பூட்டியே இருந்தன.

இந்த வட்டாரச் சேனல்கள்தான் கேபிள் தொகுப்பு சரிந்ததில் முதலில் விழுந்தன. நாட்டின் மிகப் பெரிய வட்டாரச் சேனல் குழுமமாக இருந்த டைமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. சான் டியேகோ பாட்ரெஸ் அணிக்குத் தர வேண்டிய பணத்தை அது தராதபோது, 2023 மே 31 முதல் மேஜர் லீக் பேஸ்பால் சங்கமே அந்த அணியின் ஆட்டங்களைத் தயாரித்து, அந்த வட்டார ரசிகர்களுக்கு மாதம் 19.99 டாலருக்குப் பூட்டு இல்லாமல் விற்றது. பீனிக்ஸ் சன்ஸ் அணி 2023-24 பருவத்திலிருந்து வட்டாரக் கேபிள் சேனலை விட்டு, உள்ளூர் இலவச நிலையங்களுக்கு மாறியது. ஆக, இன்று ஒவ்வோர் அணிக்கும் ஒரு வழி: சில அணிகள் ஆன்டெனாவில் இலவசமாக வருகின்றன, சில தனிச் சந்தாவில் வருகின்றன, சில இன்னும் கேபிளை ஒட்டியே இருக்கின்றன.

எனவே வட்டார அணி உங்கள் தாளில் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அணியின் இணையதளத்தில் ‘எப்படிப் பார்ப்பது’ என்ற பக்கம் இருக்கும். அதை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதிதாகப் படியுங்கள், ஏனெனில் போன ஆண்டு இருந்த ஏற்பாடு இந்த ஆண்டு இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சங்கச் சந்தா வாங்கும் முன், அந்தத் தளத்தில் உங்கள் ஜிப் கோடு என்னும் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்து எந்த அணிகள் பூட்டப்படும் என்று பாருங்கள். நீங்கள் பாஸ்டனில் வாழ்ந்துகொண்டு சியாட்டில் அணியின் ரசிகராக இருந்தால் சங்கச் சந்தாவைப் போல நல்ல பேரம் வேறில்லை. அதே ஊர் அணியின் ரசிகராக இருந்தால், அந்தச் சந்தாவை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பணக் கணக்கு

இப்போது கேபிள் பில்லைத் தாளுக்குப் பக்கத்தில் விரித்து வையுங்கள். மேலே பெரிய எழுத்தில் உள்ள தொகுப்பு விலையோடு நின்றுவிடாமல் கீழே வரும் சிறிய வரிகளையும் படியுங்கள்: உள்ளூர் நிலையங்களுக்கான கட்டணம், வட்டார விளையாட்டுக் கட்டணம், ஒவ்வொரு டிவிக்கும் பெட்டி வாடகை, பதிவு வசதிக்குத் தனி வாடகை. விளம்பரத்தில் சொன்ன விலைக்கும் நீங்கள் கட்டும் தொகைக்கும் இடையே உள்ள இடைவெளி அங்கேதான் இருக்கிறது. இன்டர்நெட்டுக்குப் போவதைத் தனியே கழித்துவிடுங்கள். அது எப்படியும் தொடரும்.

அடுத்து ஸ்ட்ரீமிங் பக்கம். 2025 இலையுதிர்கால விலைகளைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்; நீங்கள் கணக்கிடும் நாளில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இஎஸ்பிஎன்னும் ஃபாக்ஸ் ஒன்னும் சேர்ந்த தொகுப்பு 39.99, பீகாக் 10.99, பிரைம் வீடியோ மட்டும் 8.99. ஆக 59.97 டாலர். வட்டார அணிக்கு 19.99 சேர்த்தால் 79.96. இதோடு நெட்ஃபிளிக்ஸோ சிபிஎஸ்ஸுக்கான பாரமவுண்ட் பிளஸ்ஸோ சேர்ந்தால் இன்னும் ஏறும். 2017இல் 35 டாலருக்குத் தொடங்கி 2025 ஜனவரியில் 82.99 டாலரைத் தொட்ட, கேபிள் போலவே பல சேனல்களை இணையத்தில் தரும் யூடியூப் டிவியின் விலைக்கு அருகிலேயே வந்துவிட்டோம். எல்லாம் வேண்டும் என்பவருக்குச் செலவு கேபிள் அளவுக்கே வரக்கூடும் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்; அவருக்குக் கேபிள் போன்ற முழுத் தொகுப்பே, அது இணையத்தில் வந்தாலும், பொருந்தக்கூடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. விளையாட்டுச் சேனல்களை மட்டும் சேர்த்த சிறு தொகுப்புகள் வரத் தொடங்கியிருக்கின்றன. 2025 ஜனவரியில் டைரெக்டிவி 69.99 டாலருக்குக் கொண்டுவந்த மைஸ்போர்ட்ஸ் அப்படிப்பட்டது. டிஸ்னி, ஃபாக்ஸ், வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி ஆகிய மூன்றும் சேர்ந்து வீனு என்ற பெயரில் 42.99 டாலருக்கு இதையே செய்யத் திட்டமிட்டன. போட்டி ஸ்ட்ரீமிங் சேவையான ஃபூபோ தொடுத்த வழக்கில் 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் தடை விதித்தது; 2025 ஜனவரியில் திட்டமே கைவிடப்பட்டது. அந்த விலையில் அத்தகைய தொகுப்பு வந்திருந்தால் பல வீடுகளுக்கு உதவியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் பிறருக்குக் கொடுக்காத சலுகையைத் தங்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்வது போட்டியை நசுக்கும் என்ற வாதத்திலும் நியாயம் இருந்தது.

இரட்டைச் செலவைத் தவிர்க்க ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஏதேனும் ஒரு டிவி தொகுப்பு இன்னும் உங்களிடம் இருந்தால், 29.99 டாலரைக் கட்டும் முன் இஎஸ்பிஎன் செயலியைத் திறந்து, ‘டிவி வழங்குநர்’ என்ற இடத்தில் அந்தத் தொகுப்பின் கணக்கைக் கொண்டு உள்ளே நுழைந்து பாருங்கள். பல தொகுப்புகளில் நேரடிச் சேவை ஏற்கெனவே உள்ளடங்கியிருக்கிறது. தெரியாமல் இரண்டு இடத்திலும் கட்டுபவர்கள் பலர்.

நேரடிச் சந்தாவின் உண்மையான பலன், மாதக்கணக்கில் நிறுத்தித் தொடங்க முடிவதில் இருக்கிறது. திங்கள் இரவுக் கால்பந்துக்காக மட்டும் இஎஸ்பிஎன் வாங்குபவர் செப்டம்பரில் தொடங்கி ஜனவரியில் நிறுத்தினால் ஐந்து மாதத்துக்கு 149.95 டாலர், ஆண்டு முழுதும் விட்டுவைத்தால் 359.88. சந்தா தொடங்கிய அன்றே, புதுப்பிக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகக் கைப்பேசியில் ஒரு நினைவூட்டலை வைத்துவிடுங்கள். எங்கே வாங்கினீர்களோ அங்கேதான் நிறுத்த முடியும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ரோகு, ஆப்பிள், அமேசான் போன்ற தளங்களின் வழியாக வாங்கிய சந்தாவை அந்தச் சேனலின் தளத்தில் போய்த் தேடினால் நிறுத்தும் பொத்தான் கிடைக்காது. பருவச் சந்தாக்கள் பலவும் அடுத்த பருவத்துக்குத் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், வாங்கிய வாரமே அந்த ஏற்பாட்டை அணைத்துவிடுவது நல்லது.

உரிமைத் தகராறுகளையும் மனத்தில் வையுங்கள். 2025 அக்டோபர் 30 இரவு யூடியூப் டிவியிலிருந்து இஎஸ்பிஎன்னும் ஏபிசியும் நீக்கப்பட்டு, நவம்பர் 14 அன்றுதான் திரும்பின. கால்பந்துப் பருவத்தின் நடுவில் இரண்டு வாரங்கள் அவை இல்லை. அத்தகைய நேரத்தில் முழுத் தொகுப்பை மாற்றாமல், ஒரு மாதத்துக்கு நேரடிச் சந்தாவை வாங்கிச் சமாளிக்கலாம். தொகுப்பு நிறுவனம் இழப்புக்குச் சலுகைத் தொகை அறிவித்தால், அது தானாக வருமா, நாம் கேட்டுப் பெற வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைய இணைப்பும் தாமதமும்

நல்ல தரத்தில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க விநாடிக்கு 8 மெகாபிட் போதும். 4கே என்றால் 25 வரை வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்துவதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். டிவி இருக்கும் இடத்துக்கு ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்துவிட்டால், ஆட்டம் நடுவில் சுற்றிக்கொண்டு நிற்கும் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மாதத் தரவுக்கு வரம்பு வைக்கும் இணைய நிறுவனமாக இருந்தால், ஒரு மணிநேர எச்டி காட்சிக்குச் சுமார் 3 ஜிபி என்று கணக்கிடுங்கள். இவ்வளவு செய்தும் சேவை நடத்துபவரின் பக்கமே திணறுவதுண்டு. 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் காட்டிய, மைக் டைசனும் ஜேக் பாலும் மோதிய குத்துச்சண்டையின்போது படம் உறைந்ததாக ஏராளமானோர் புகார் சொன்னார்கள்.

தாமதத்தை மட்டும் எந்த இணைப்பாலும் முழுதாகப் போக்க முடியாது. காற்றலை ஒளிபரப்பில் படம் இடைவிடாமல் ஓடிவருகிறது. ஸ்ட்ரீமிங்கிலோ அதே படம் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, வெவ்வேறு தரங்களில் சுருக்கப்பட்டு, பல சர்வர்களைக் கடந்து வருகிறது. உங்கள் டிவியும் சில துண்டுகளைக் கையிருப்பில் சேர்த்துக்கொண்ட பிறகே ஓடவிடுகிறது. எல்லாம் சேர்ந்து சில பத்து விநாடிகள் பின்தங்கிவிடும். ஆட்டத்தின் கடைசி உதைக்காக வீரர் இன்னும் பின்னோக்கி அடி எண்ணிக்கொண்டிருப்பார்; மேசையில் கிடக்கும் கைப்பேசி அதிர்ந்து, ‘வென்றுவிட்டார்கள்’ என்று உறவினர் ஒருவரின் செய்தியைக் காட்டிவிடும். முக்கியமான ஆட்டம் உள்ளூர் நிலையத்திலும் வருகிறது என்றால் ஆன்டெனாவில் பாருங்கள். வேறு வழியில்லாதபோது, ஸ்கோர் செயலிகளின் அறிவிப்பையும் குடும்ப வாட்ஸப் குழுவையும் அந்த மூன்று மணிநேரத்துக்கு ஒலியில்லாமல் வைத்துவிடுங்கள்.

கேபிளை நிறுத்தும் நாள்

புதிய ஏற்பாட்டில் குறைந்தது இரண்டு வார ஆட்டங்களைப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே பழையதை நிறுத்துங்கள். அழைப்பதற்கு முன், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா, இடையில் விட்டால் அபராதம் உண்டா என்று பாருங்கள். டிவியும் இன்டர்நெட்டும் ஒரே நிறுவனத்தில் இருந்தால், டிவியை விட்டதும் இன்டர்நெட்டுக்கு இருந்த தள்ளுபடி போய்விடலாம். தனி இன்டர்நெட்டின் புதிய விலை என்ன, அது எத்தனை மாதத்துக்கு என்று கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொன்றின் வரிசை எண்ணும் உள்ள ரசீது கட்டாயம் வேண்டும். நான் கொடுத்த பெட்டி வரவில்லை என்று இரண்டு மாதம் கழித்து எனக்குப் பில் வந்தது. மேசை இழுப்பறையில் அந்த ரசீதை வைத்திருந்ததால்தான் அது நீக்கப்பட்டது.

கடைசியாக, வீட்டில் சேனல் எண்ணை அழுத்தியே பழகிய பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்காக அரைமணி நேரம் ஒதுக்குங்கள். டிவியின் முகப்பில் தேவையில்லாத செயலிகளை நீக்கி, விளையாட்டுக்கானவற்றை மட்டும் முதல் வரிசையில் நிறுத்துங்கள். கடவுச்சொற்களை நீங்களே இட்டு, ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். பிறகு அந்த முதல் தாளையே பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்: வியாழன் இரவு பிரைம், ஞாயிறு பகல் ஆன்டெனா, ஞாயிறு இரவு ஆன்டெனா அல்லது பீகாக், திங்கள் இரவு இஎஸ்பிஎன்.